ரூட்டிங் டேட்டா சேர்க்க எந்த ஐஎக்ஸ்ஸை எடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பஸில கடைசி வருச புரொஜெக்ட்டுக்கு பிஜிபி (நெட்வேர்க்குகள் தங்களுக்குள்ள பாதை சொல்லிக்கொள்ளுற முறை) எடுத்த பிள்ளையள் என்னட்ட ஒரே கேள்வியளைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் வட்சப்பில துண்டு துண்டா எழுதிறதை விட ஒரு இடத்தில வடிவா எழுதி வைச்சா நல்லம் எண்டு நினைச்சன். யாழ்ப்பாணத்தில இருந்து இந்த வேலையைப் பார்க்கிற ஆக்களை மனசில வைச்சுத்தான் எழுதியிருக்கிறன், அதால உதாரணமெல்லாம் எங்கட றோட்டும் எங்கட ஊருமா இருக்கும்.

ரூட் கலெக்டர் எண்டா என்ன? ஏன் ஐஎக்ஸில வைக்கினம்?

அது ஒரு சாதாரண சேர்வர்தான். அதில பிஜிபி ஓடும், பக்கத்து நெட்வேர்க்குகளோட செஷன் வைச்சிருக்கும், அவை "இந்த அட்ரஸுக்குப் போக என்னட்ட இந்தப் பாதை இருக்கு, இந்தப் பாதை இப்ப இல்லை" எண்டு சொல்லுற எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வைக்கும். சாதாரணமாத் தான் ஒண்டும் அறிவிக்காது, ஆற்ற டிராஃபிக்கும் அதுக்குள்ளால போகாது.

ஐஎக்ஸ் (இன்ரநெற் எக்ஸ்சேஞ்ச்) எண்டுறது கன நெட்வேர்க் வந்து கொழுவிற ஒரு பொது ஸ்விட்ச். அதில ஒரு போர்ட் எடுத்தாக் காணும், அங்க இருக்கிற அம்பது பேரோடயும் நேரடியா செஷன் போடலாம். வேற எந்த இடத்திலயும் இவ்வளவு மலிவா இவ்வளவு பேற்ற கதையைக் கேக்க ஏலாது.

ஏற்கனவே பெரிய ஆக்கள் சேர்த்து வைச்சிருக்கினமே, பிறகேன் நாங்கள்?

உண்மைதான். ஒரிகன் பல்கலைக்கழகத்தின்ர ரூட்வியூஸ் 1995ல தொடங்கினது, ஐரோப்பாப் பக்கம் இன்ரநெற் அட்ரஸ் பங்கிடுற ரைப் என்சிசியின்ர ரிஸ் 1999ல. ரூட்வியூஸ் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா முழு ரேபிளையும் (அந்த நேரத்துப் பாதைப் பட்டியல்) 15 நிமிசத்துக்கு ஒருக்கா அப்டேட்டுகளையும் (இடையில மாறினது) போடும், ரிஸ் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரேபிள், 5 நிமிசத்துக்கு ஒருக்கா அப்டேட். ரெண்டும் இலவசம். முதல்ல அதுகளைப் பார்த்து முடிக்காமல் புதுக் கலெக்டர் கதையைத் தொடங்க வேண்டாம் எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது.

ஆனா அந்தக் கலெக்டருகள் எங்க இருக்குது எண்டு பாருங்கோ. ரிஸ்ஸில கலெக்டரை ஆர்ஆர்சி எண்டு சொல்லுவினம், ஆர்ஆர்சி 1 லண்டன், 3 ஆம்ஸ்டர்டாம், 10 மிலான், 12 பிராங்ஃபர்ட், 20 சூரிச், 21 பாரிஸ் எண்டு ஐரோப்பா நிறைஞ்சிருக்கு. எங்களுக்குக் கிட்ட எண்டு பார்த்தா சிங்கப்பூர் ஆர்ஆர்சி 23ம் துபாய் ஆர்ஆர்சி 26ம்தான். இலங்கைக்குள்ள ரெண்டு நெட்வேர்க் தங்களுக்குள்ள பாதை மாத்தினா அது ஆம்ஸ்டர்டாமுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எங்கட இன்ரநெற்றைப் பற்றி எழுதுற ஆய்வெல்லாம் தூரத்தில இருந்து தெரிஞ்ச அளவைத்தான் எழுதுது, அதுதான் எனக்கு மனசில உறுத்துற விசயம்.

உலகத்திலயே பெரிய ஐஎக்ஸ் எதெண்டு பார்த்து அங்க வைச்சாச் சரிதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிண்டு பதில் சொல்ல வேணும்.

டெராபிட் கணக்கு எங்களுக்குத் தேவையில்லாத கணக்கு, நாங்கள் டிராஃபிக் சேர்க்கேல்ல, பாதையளைச் சேர்க்கிறம். பாதை எங்க தெரியும் எங்க தெரியாது எண்டதைத் தீர்மானிக்கிறது வியாபாரம். காசு தாற கஸ்டமரின்ர பாதையை ஒரு நெட்வேர்க் எல்லாருக்கும் சொல்லும். ஆனா பியரிங் ஆளிட்ட (காசில்லாமல் நேருக்கு நேர் இணைஞ்ச நெட்வேர்க்) இருந்து வந்த பாதையைத் தன்ர கஸ்டமருக்கு மட்டும்தான் சொல்லும், மேல இருக்கிற புரொவைடருக்கோ மற்றப் பியருக்கோ சொல்லாது, சொன்னா ரெண்டு பேற்ற டிராஃபிக்கையும் சும்மா தூக்க வேண்டி வந்திடும். லிக்சின் காவோ 2001ல இந்த நியாயத்தை வைச்சுத்தான் நெட்வேர்க்குகளுக்கிடையில ஆர் கஸ்டமர் ஆர் புரொவைடர் ஆர் பியர் எண்டு கண்டுபிடிக்கிற வழியை எழுதினவா.

இதை முறிகண்டியில வைச்சு யோசியுங்கோ. ஏ9ல கொழும்புக்குப் போற பஸ் எல்லாம் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிக்கும், அங்க ஒரு கொப்பியோட இருந்தா வடக்கில இருந்து வெளியால போற எல்லாத்தையும் எழுதலாம். ஆனா சுன்னாகத்தில இருந்து பருத்தித்துறைக்கு ஓடுற மினிபஸ் ஒண்டு கூட உங்கட கொப்பியில வராது, அப்பிடி ஒரு றூட் இருக்கெண்டே உங்களுக்குத் தெரியாது. அதைக் காண வேணுமெண்டா சுன்னாகத்திலயோ நெல்லியடியிலயோ போய் நிக்க வேணும். பெரிய ரியர் வண் புரொவைடரிட்ட (எல்லாருக்கும் மேல இருக்கிற நெட்வேர்க்) ஃபீட், அதாவது அவை அனுப்புற பாதைப் பட்டியல், எடுக்கிறது முறிகண்டியில இருக்கிற மாதிரி, உள்ளூர் ஐஎக்ஸில சின்ன நெட்வேர்க்கிட்ட எடுக்கிறது நெல்லியடிச் சந்தியில நிக்கிற மாதிரி.

இதால எவ்வளவு தவறுது எண்டு பார்க்க ஒரு கணக்குச் சொல்லுறன். 2012ல ஐரோப்பாவில ஒரு பெரிய ஐஎக்ஸின்ர உள்ளுக்கிருந்தே டிராஃபிக்கைப் பார்த்து ஒரு ஆய்வு வந்தது, அந்த ஒரே இடத்தில 50,000க்கு மேல பியரிங் இணைப்பு பாவனையில இருந்தது, அதில பெரும்பகுதி பொதுக் கலெக்டர் டேட்டாவில தெரியவே இல்லை. ஒரு கட்டடத்துக்க மட்டும் அவ்வளவு.

அதால கேக்க வேண்டிய கேள்வி, "இங்க நிண்டா வேற எங்கயும் தெரியாத எதைக் காணலாம்?" எண்டுறதுதான்.

அப்பிடியெண்டா ஒரு இடம் புதுசா என்ன தரும் எண்டு போக முதலே எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது?

பியரிங் டிபி எண்ட பொது இணையத்தளத்தில அந்த ஐஎக்ஸின்ர உறுப்பினர் பட்டியலை எடுங்கோ. ரிஸ்ஸும் ரூட்வியூஸும் எந்தெந்த ஏஎஸ்ஸிட்ட (தனக்கெண்டு ஒரு நம்பர் வைச்சிருக்கிற நெட்வேர்க்) ஃபீட் எடுக்கினம் எண்ட பட்டியலும் வெளியில இருக்கு. முதல் பட்டியலில இருந்து ரெண்டாவதைக் கழியுங்கோ. மிச்சம் இருக்கிறதுதான் உங்களுக்குப் புது ஆக்கள்.

ஆனா அந்த மிச்சத்தையும் அப்பிடியே நம்ப வேண்டாம். கூகிள், கிளவுட்ஃபிளேர், மெட்டா மாதிரி ஆக்கள் எல்லா ஐஎக்ஸிலயும் இருப்பினம், அவை பியரிங்கில தங்கட சொந்த ப்ரிஃபிக்ஸைத்தான் (அட்ரஸ் புளொக்) தருவினம், அதை எங்க இருந்தும் காணலாம். தனக்குக் கீழ கஸ்டமர் இருக்கிற உள்ளூர் ஐஎஸ்பி, பல்கலைக்கழக நெட்வேர்க், வங்கியளுக்கு லைன் குடுக்கிற நடுத்தர நெட்வேர்க், இப்பிடியான ஆக்கள் எத்தினை பேர் எண்டு எண்ணுங்கோ. அதிலயும் சிங்கப்பூர், ஆம்ஸ்டர்டாம் பக்கம் போர்ட்டே இல்லாத ஆக்கள் எத்தினை பேர் எண்டு பாருங்கோ, என்னைக் கேட்டா அந்த எண்ணிக்கைதான் மற்ற எல்லாத்தையும் விடப் பெறுமதி. முந்நூறு பேர் இருக்கிற இடத்தில அப்பிடி ஆறு பேர் இருக்கலாம், முப்பது பேர் இருக்கிற இடத்தில இருபது பேர் இருக்கலாம்.

ஃபுல் ஃபீட், பார்ஷியல் ஃபீட் எண்டு சொல்லுகினமே, அது என்ன?

ஃபுல் ஃபீட் எண்டா அந்த நெட்வேர்க் தான் பாவிக்கிற முழு ரேபிளையும் உங்களுக்குத் தருது, ஐபிவி4ல இப்ப அது 10 லட்சம் ப்ரிஃபிக்ஸை ஒட்டி நிக்குது, ஐபிவி6ல 2 லட்சத்துக்கு மேல. பார்ஷியல் எண்டா தன்ரயும் தன்ர கஸ்டமரின்ரயும் மட்டும், சாதாரண பியருக்குக் குடுக்கிற மாதிரி. நீங்கள் ஒண்டும் சொல்லாமல் செஷன் போட்டா வாறது பார்ஷியல்தான். ஃபுல் வேணுமெண்டா வாயைத் திறந்து கேக்க வேணும், "எங்களை ஒரு கஸ்டமர் மாதிரி நினைச்சு எல்லாத்தையும் அனுப்புங்கோ, நாங்கள் உங்களுக்கு ஒண்டும் அனுப்ப மாட்டம், டிராஃபிக்கும் வராது" எண்டு. முக்கால்வாசிப் பேர் விசயம் விளங்கினா தருவினம். ஒரு உள்ளூர் நெட்வேர்க்கின்ர ஃபுல் ஃபீட் ஒண்டு, பத்து பார்ஷியலை விட ஆய்வுக்கு உதவும், ஏனெண்டா அவை உலகத்தை எப்பிடிப் பார்க்கினம் எண்டதே அதில வந்திடும்.

ரூட் சேர்வரோட (எல்லா உறுப்பினரிட்டயும் பாதை வாங்கி மற்றாக்களுக்குக் குடுக்கிற ஐஎக்ஸின்ர சேர்வர்) மட்டும் செஷன் போட்டாக் காணாதோ? ஒரே செஷனில எல்லாரும் வந்திடுவினமே.

தொடங்கிறதுக்கு நல்லது, முடிவாக் காணாது. ரூட் சேர்வர் ஒரு ப்ரிஃபிக்ஸுக்கு ஒரு பாதையைத்தான் தெரிவு செய்து தரும், மற்றப் பாதையள் மறைஞ்சிடும். இன்னொண்டு, இப்ப கன ரூட் சேர்வர் ஆர்பிகேஐ (எந்த அட்ரஸை ஆர் அறிவிக்கலாம் எண்ட பதிவு) பார்த்து பிழையான ரூட்டுகளைத் தூக்கி எறிஞ்சிடும். அது நெட்வேர்க் நடத்திற ஆளுக்கு நல்ல விசயம், ஆனா நீங்கள் ஹைஜாக் (மற்றாளின்ர அட்ரஸைத் தன்ர எண்டு அறிவிக்கிறது) பற்றி ஆய்வு செய்யிறீங்கள் எண்டா உங்களுக்கு வேண்டியதே அந்த எறிஞ்ச ரூட்டுகள்தான். அதால ரூட் சேர்வரோட ஒண்டு, அதோட முக்கியமான ஆக்களோட நேரடியாவும் செஷன் வையுங்கோ.

ரூட் சேர்வர் தன்ர ஏஎஸ் நம்பரை பாதையில சேர்க்காது, அதால உங்கட சொஃப்ட்வெயர் "முதல் ஏஎஸ் பொருந்தேல்ல" எண்டு எல்லாத்தையும் தள்ளிப்போடும். அந்தச் சோதனையை நிப்பாட்டி விடுங்கோ.

கலெக்டரை யாழ்ப்பாணத்திலயே வைக்க ஏலாதோ?

ஏலும், மல்ரிஹொப் எண்டு ஒரு வழி இருக்கு. தூரத்து நெட்வேர்க்கோட இன்ரநெற்றுக்கு மேலால செஷன் போடுறது. ரிஸ்ஸின்ர ஆர்ஆர்சி 00 அப்பிடித்தான் ஆம்ஸ்டர்டாமில இருந்து உலகம் முழுக்க எடுக்குது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, கண்ணாடி நாரில வெளிச்சம் செக்கனுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும், கொழும்புக்கு றோட்டுவழி 400 கிலோமீற்றர் எண்டு வைச்சாலும் போய் வர 4 மில்லிசெக்கன். பிஜிபி அப்டேட்டுகளுக்கு இடையில வைக்கச் சொல்லுற இடைவெளியே 30 செக்கன், அதுக்குள்ள இது ஒண்டுமே இல்லை.

பிரச்சினை வேற. நீங்கள் எந்த இன்ரநெற்றை அளக்கிறீங்களோ அதுக்கு மேலாலதான் உங்கட செஷனும் வருது. வவுனியாப் பக்கம் எங்கயாவது ஃபைபர் அறுந்தா, ஆய்வுக்கு மிச்சம் முக்கியமான அந்த நேரத்தில உங்கட கலெக்டர் குருடாகிடும். ஐஎக்ஸின்ர லானில (அந்தப் பொது ஸ்விட்சில) நேரடியா இருந்தா அந்தக் கவலை இல்லை, றோட்டு உடைஞ்சாலும் அவர் பக்கத்து வீட்டுக்காரர். அதால சேகரிக்கிற பெட்டி ஐஎக்ஸில இருக்கட்டும், டேட்டாவின்ர ரெண்டாவது பிரதியும் ஆராயிற மெஷினும் இங்க இருக்கட்டும்.

கொழும்பா, சென்னையா, சிங்கப்பூரா?

பலாலியில பிளேன் ஏறினா சென்னை வான்வழி 355 கிலோமீற்றர் அளவுதான், கொழும்பை விடக் கொஞ்சம்தான் தூரம். ஆனா பக்கற்றுக்கு (இன்ரநெற்றில போற டேட்டாத் துண்டு) பலாலி இல்லை. இலங்கைக்கு வாற கடல் கேபிளுகள் கல்கிசை, கொழும்பு, மாத்தறைப் பக்கம்தான் ஏறுது. தூத்துக்குடியில இருந்து போட்ட பாரத் லங்கா கேபிளும் கல்கிசைக்கு, சீ-மீ-வீ 5 மாத்தறைக்கு. சென்னையில கரையேறுற சீ-மீ-வீ 4 எங்களுக்குக் கொழும்பில ஏறுது. எங்கட பக்கற் தெற்க இறங்கித்தான் வடக்க போகும், சில நேரம் சிங்கப்பூர் போய்ச் சுத்தி வரும். எப்ப எந்தப் பாதையால போகுது எண்டதே ஒரு நல்ல ஆய்வு.

சிங்கப்பூரில ரிஸ்ஸும் ரூட்வியூஸும் ஏற்கனவே இருக்கினம். அங்க நாங்கள் காசு செலவழிச்சுப் பெட்டி வைக்கிறதில எனக்கு நியாயம் தெரியேல்ல, அங்க இருக்கிற எங்கட நாட்டு நெட்வேர்க்கை "ஆர்ஆர்சி 23க்கு ஃபுல் ஃபீட் குடுங்கோ" எண்டு கேட்டு ஒரு மெயில் போட்டா சதமும் செலவில்லாமல் அதே பலன் வரும்.

சென்னை நல்ல இடம். 2003ல தொடங்கின நிக்ஸி எண்ட இந்திய ஐஎக்ஸ் அங்க இருக்கு, டீ-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸும் இருக்கு, தென்னிந்தியாவின்ர சின்ன ஐஎஸ்பி கனக்க கொழுவியிருக்கினம். மொழியும் ஒண்டு, போனில கதைச்சு ஒரு வேலையை முடிக்கலாம். தமிழ்நாட்டு நெட்வேர்க்குகளைப் பற்றித்தான் உங்கட கேள்வி எண்டா ரெண்டாம் யோசனை வேண்டாம்.

ஆனா கேள்வி இலங்கையைப் பற்றி எண்டா கொழும்புதான், உறுப்பினர் தொகை குறைவா இருந்தாலும் பரவாயில்லை. உள்ளூர் டிராஃபிக் உள்ளூரிலயே நிக்குதோ, வெளிநாடு போய் வருதோ எண்டதை வேற எங்க இருந்தும் வடிவா அறிய ஏலாது. பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ண் எங்களுக்கு ஏற்கனவே சொந்த வீடு மாதிரி, ஒரு ஃபுல் ஃபீட்டுக்கு முதல் கதவைத் தட்டுறதெண்டா அங்கதான் தட்டுவன். முதல் கலெக்டர் கொழும்பு, ரெண்டாவது சென்னை, இதுதான் என்ர முடிவு.

இடம் தெரிவாச்சு. பெட்டியை ஆரிட்ட வைக்கிறது?

உங்களுக்கு வேண்டியது ஒரு 1யூ இடம் (சேர்வர் ராக்கில ஒரு தட்டு), ஐஎக்ஸ் லானில ஒரு போர்ட், 1 கிகாபிட் தாராளம், ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் ஒவ்வொரு அட்ரஸ், பிறகு பெட்டிக்குள்ள போக வேற ஒரு லைன். இந்தக் கடைசிச் சாமானை எல்லாரும் மறக்கினம், ஐஎக்ஸ் போர்ட்டால வெளியில இருந்து உள்ளுக்கு வர ஏலாது. கரண்டைக் கட்டாயம் கேளுங்கோ, ஜெனரேற்றர் எத்தினை மணித்தியாலம் தாங்கும் எண்டு. 2022ல நாங்கள் 13 மணித்தியாலம் இருட்டில இருந்தனாங்கள், அதை மறந்து ஒண்டும் திட்டம் போடக்கூடாது.

ஆனா சாமானை விட ஆள் முக்கியம். ரூட்டிங் டேட்டா அஞ்சு வருசம், பத்து வருசம் நீண்டாத்தான் பெறுமதி, இண்டைக்கு ஏன் இப்பிடி இருக்கெண்டு அறிய எட்டு வருசத்துக்கு முந்தி எப்பிடி இருந்ததெண்டு பார்க்க வேணும். ரிஸ்ஸிலயே ஆர்ஆர்சி 2, 8, 9 மூண்டும் மூடிப் போட்டுது, அந்த இடங்களில இருந்து தெரிஞ்ச பார்வை அத்தோட நிண்டுது. அதால உறுப்பினரோட பழகிற, "இந்தப் பிள்ளையளுக்கு ஒரு ஃபீட் குடுங்கோ அண்ணை" எண்டு உங்களுக்காகக் கேக்கிற ஒரு ஆள் இருக்கிற ஐஎக்ஸை எடுங்கோ. அப்பிடி ஒருத்தர் இருந்தா போர்ட் கொஞ்சம் சின்னனா இருந்தாலும் நான் அங்கதான் போவன்.

சேர்வர் எவ்வளவு பெரிசு, என்ன சொஃப்ட்வெயர்?

பெரிசா வேண்டாம். பேர்ட், எஃப்ஆர்ஆர், ஓப்பன் பிஜிபிடி மூண்டில எதுவும் சரி, எம்ஆர்டி ஃபைலா (ரூட்டிங் டேட்டா எழுதுற பொது வடிவம்) எழுத வேணும், அது ஆர்எஃப்சி 6396 எண்ட தர ஆவணத்தில இருக்கு, அப்பதான் உலகத்தில எல்லாற்ற சொஃப்ட்வெயரும் உங்கட டேட்டாவை வாசிக்கும். ஃபுல் ஃபீட் ஒவ்வொண்டும் ராமைச் சாப்பிடும், அதால ராமைக் கூடப் போடுங்கோ, டிஸ்க்கை ரெண்டா மிரர் பண்ணுங்கோ. எஃப்ஆர்ஆரில பொலிசி எழுதாட்டி ஒரு ரூட்டும் உள்ளுக்கு வராது, செஷன் எழும்பி நிக்கும், ரேபிள் வெறுமையா இருக்கும், மூண்டு பேராவது என்னட்ட இதையே கேட்டிட்டினம். உள்ளுக்கு எல்லாம் விடு, வெளியால ஒண்டும் விடாதை எண்டு ரெண்டு வரி எழுதினாச் சரி.

ரேபிள் மட்டும் சேர்த்தாக் காணாதோ? அப்டேட் கனக்க இடம் பிடிக்குதே.

காணாது. 2008 பெப்ரவரி 24, பாகிஸ்தான் ரெலிகொம் யூரியூப்பின்ர 208.65.153.0/24ஐ (256 அட்ரஸ் உள்ள புளொக்) தன்ர எண்டு அறிவிச்சது யுரிசி (உலகப் பொது நேரம்) 18:47க்கு, எங்கட நேரம் நடுச்சாமம் தாண்டி 12:17. யூரியூப் 20:07க்கு அதே /24ஐத் திருப்பி அறிவிச்சது, 20:18க்கு அதையே பாதி பாதியாப் பிரிச்சு ரெண்டு /25, கடைசியா 21:01க்கு மேல இருந்த புரொவைடர் அந்தப் பிழையான பாதையை எடுத்து விட்டது. முழுக் கதையும் ரெண்டே கால் மணித்தியாலம். எட்டு மணித்தியால ரேபிளை மட்டும் வைச்சிருந்தா யுரிசி 16:00க்கும் 00:00க்கும் இடையில ஒண்டும் நடக்காத மாதிரி இருந்திருக்கும், ரிஸ்ஸின்ர அப்டேட்டாலதான் நிமிசம் நிமிசமா எங்களுக்கு இது தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கு. நெட்வேர்க் தன்ர சிறந்த பாதையைத்தான் சொல்லும், பின்னுக்கு வைச்சிருக்கிறதைச் சொல்லாது. பரந்தன் பக்கம் வெள்ளம் ஏறினாத்தான் பஸ் பூநகரியால சுத்தும், அண்டைக்குத்தான் அந்தப் பாதையும் இருக்கெண்டு பார்க்கிறவருக்குத் தெரியும். அது அப்டேட்டில மட்டும்தான் வரும்.

திடீரெண்டு லட்சக்கணக்கில ரூட் போய் வருது. பெரிய சம்பவம் ஏதும் நடந்திட்டுதோ?

முதல்ல உங்கட செஷனைப் பாருங்கோ. செஷன் விழுந்து எழும்பினா அந்தப் பியர் முழு ரேபிளையும் திருப்பி அனுப்பும், அது பெரிய குழப்பம் மாதிரியே தெரியும். நான் வீட்டில ஒரு பரீட்சார்த்தக் கலெக்டர் வைச்சிருந்த காலத்தில ரெண்டு நாள் இருந்து ஒரு "சம்பவத்தை" ஆராய்ஞ்சன், கடைசியில அது வீட்டில கரண்ட் போய் வந்த நேரம். அண்டையில இருந்து செஷன் நிலை மாறுற ஒவ்வொரு தரத்தையும் ஃபைலில பதியிறன், கடிகாரத்தை என்டிபியில (நேரத்தைச் சரியா வைக்கிற முறை) கட்டி வைச்சிருக்கிறன், நேரம் எல்லாம் யுரிசியில.

கலெக்டர் உயிரோட இருக்கோ எண்டு பார்க்க ரிஸ் பீக்கன் நல்ல வழி. 84.205.64.0/24 மாதிரி சில ப்ரிஃபிக்ஸை அவை யுரிசி 00:00க்கு அறிவிச்சு 02:00க்கு எடுப்பினம், இப்பிடி நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. உங்கட டேட்டாவில அது நேரத்துக்கு வரேல்லையெண்டா பிழை உங்கட பக்கம்.

ஃபீட் தந்தா எங்கட கஸ்டமரின்ர விசயம் வெளியில போகும் எண்டு ஐஎஸ்பி பயப்பிடுகினம். என்ன சொல்லுறது?

ஆர் எந்த இணையத்தளம் பார்க்கினம் எண்டது பிஜிபியில இல்லை, அட்ரஸ் புளொக்கும் பாதையும்தான். ஆனா ஆரோட பியரிங் வைச்சிருக்கினம் எண்டது தெரியவரும், அதை மறைச்சுப் பேச வேண்டாம், டேட்டா பகிரங்கமாப் போகும் எண்டு முதல் மெயிலிலயே எழுதுங்கோ. பிறகு அவைக்கு என்ன லாபம் எண்டும் சொல்லுங்கோ. அவையின்ர ப்ரிஃபிக்ஸை ஆராவது களவெடுத்தா, இல்லையெண்டா அவையே பிழையா அறிவிச்சா, இந்தப் பதிவை வைச்சு எத்தினை மணிக்கு எங்க தொடங்கினது எண்டு காட்டலாம்.

ரைப் அட்லஸ் புரோப் (இன்ரநெற்றை அளக்கிற சின்னப் பெட்டி) ஒண்டு கம்பஸில இருக்கு, அதுவும் இதும் ஒண்டோ?

வேற. அட்லஸ் பிங், ரிரேஸ்ரூட் அடிச்சு பக்கற் உண்மையா எந்தப் பாதையால போகுது எண்டு பார்க்கும், கலெக்டர் நெட்வேர்க்குகள் என்ன சொல்லுகினம் எண்டதைப் பதியும். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தா இன்னும் நல்லம்.

கையில காசே இல்லை, இண்டைக்குத் தொடங்க என்ன செய்யலாம்?

ரைப் என்சிசியின்ர ரைப்ஸ்டாட் இணையத்தளத்தில லேர்ணின்ர ஏஎஸ் 38229ஐப் போட்டு அதின்ர ஒரு ப்ரிஃபிக்ஸ் ஒவ்வொரு கலெக்டரில இருந்தும் எந்தப் பாதையால தெரியுது எண்டு பாருங்கோ. பிறகு பிஜிபிஸ்ட்ரீம் எண்ட சொஃப்ட்வெயரால ஒரு மாச அப்டேட்டை இறக்கி, இலங்கை ஏஎஸ் எல்லாத்துக்கும் அதையே செய்யுங்கோ. எந்த ரெண்டு இலங்கை நெட்வேர்க்குக்கு இடையில ஒரு நேரடி இணைப்பும் தெரியேல்ல எண்டு ஒரு பட்டியல் போடுங்கோ. ஐஎக்ஸ்காரரிட்ட போகேக்க அந்தப் பட்டியலைக் கொண்டு போங்கோ.

சொந்த ஏஎஸ் நம்பர் கட்டாயமோ?

ஐஎக்ஸ் லானில 64512 தொடக்கம் 65534 வரையான பிரைவேற் நம்பரோட வர விடமாட்டினம், அதால வேணும். ரூட்வியூஸ் 6447, ரிஸ் 12654 எண்டு தங்களுக்கெண்டு ஒண்டு வைச்சிருக்கினம். எங்களுக்கு ஏபினிக்கிட்டத்தான் (ஆசிய பசிபிக் பக்கத்துக்கு இன்ரநெற் நம்பர் குடுக்கிற நிறுவனம்) எடுக்க வேணும், கம்பஸ் மூலமா விண்ணப்பிக்கிறது தனி ஆளா அலையிறதை விட லேசு, கடிதம், கையெழுத்து எண்டு நாள் எடுக்கும், அதால பெட்டி வாங்க முதலே இதைத் தொடங்கி விடுங்கோ.